கணினி போன டிரக்கும் நகராத சுண்ணாம்புக் கோடும்

நாலு வருடத்துக்கு முன்பு, மிச்சிகனில் எங்கள் ஊரைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டு வாசலில் 1985 ஃபோர்டு எஃப்-150 ஒன்று 'விற்பனைக்கு' என்ற அட்டையோடு நின்றது. விறகு ஏற்ற, தோட்டத்துக்கு மண் கொண்டுவர ஒரு டிரக் வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. புது டிரக் விலை கேட்டால் தலை சுற்றும். இது 1,800 டாலர். மூடியைத் திறந்தால் உள்ளே நீளவாக்கில் படுத்திருந்தது '300' என்று இங்கே எல்லோரும் கூப்பிடும் ஆறு சிலிண்டர் எஞ்சின். 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். 1965-லிருந்து 1996 வரை இதைச் செய்துகொண்டே இருந்தார்கள். வால்வுகளை ஓட்ட டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரம்தான். வண்டி மாடு மாதிரி: வேகமாக ஓடாது, ஆனால் பாரம் இழுக்கும்.

விற்றவர் பெருமையாகச் சொன்னார்: "கம்ப்யூட்டர் தொல்லையெல்லாம் கழற்றிப் போட்டாச்சு. புது கார்பரேட்டர் வேறு மாட்டியிருக்கேன். இனிமே இது சிம்பிள் வண்டி."

டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கட்டுக்கம்பி போல ஒரு ஒயர்க் கட்டு, கத்தரியால் வெட்டின வாயோடு தொங்கியது. அதைப் பார்த்ததும் கிளம்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேரம் பேசி 1,600-க்கு முடித்தேன்.

ஊருக்குள் நன்றாகத்தான் ஓடியது. காலையில் செல்ஃப் அடித்தவுடன் பிடித்துக்கொள்ளும், ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல் நிற்கும்போது, தையல் மெஷின் போல சீராக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறினால்தான் சங்கதி தெரியும். 55 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில், ஒரு சின்ன ஏற்றம் வந்தாலும் பிக்கப் செத்துவிடும். மிதியைத் தரைவரை அமுக்கினாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. மைலேஜ் கேலனுக்கு 9 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு நாள் ராத்திரி விறகோடு வந்து நிறுத்தி மூடியைத் திறந்தேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இருட்டில் கொல்லன் உலை இரும்பு மாதிரி செக்கச்செவேல் என்று தெரிந்தது.

எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: கார்பரேட்டர். பெட்ரோல் போதவில்லை, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) சின்னது. பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். இரண்டு தடவை ஜெட் மாற்றினார்கள், 340 டாலர் வாங்கினார்கள். பிறகு கறுப்புப் புகையும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தில் அதே இழவுதான்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எஞ்சின் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கார்பரேட்டர் பக்கமே போகவில்லை. டைமிங் லைட்டைக் கொண்டுவந்தார்; பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு அது. கிராங்க் முனையில் இருக்கும் டாம்பர் சக்கரத்தின் டைமிங் கோட்டில் என் மகளின் சுண்ணாம்புக் கட்டியால் வெள்ளை தீட்டச் சொன்னார். ஐடிலில் லைட்டை அடித்தார். பக்கத்தில் உள்ள டிகிரிக் காட்டியில் கோடு 10 டிகிரியில் நின்றது. "ரேஸ் பண்ணு" என்றார். நான் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஏற்றினேன். எஞ்சின் உறுமியது, ஃபேன் காற்று முகத்தில் அறைந்தது, பளிச் பளிச் என்று வெளிச்சம் வெட்டியது. கோடு மட்டும் ஆணி அடித்த மாதிரி 10 டிகிரியிலேயே நின்றது.

"உன் கார்பரேட்டர் பாவம்" என்றார் பெரியவர்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிய ஒரு நேரம் பிடிக்கும். எஞ்சின் வேகம் கூடக் கூட பிஸ்டன் மேலே வரும் நேரம் குறையும், எரியும் நேரம் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். ஐடிலில் பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னே விழுந்தால் போதும். 2,500, 3,000 சுற்றில் 30 டிகிரி அளவுக்கு முன்னே விழ வேண்டும். மிதியை லேசாக வைத்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை நெருக்கமாக இராது, இன்னும் மெதுவாக எரியும்; அப்போது இன்னும் கொஞ்சம் முன்னே வேண்டும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர்; பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த வேலையைச் செய்ய இரண்டு ஏற்பாடு உண்டு. சுற்றும் வேகத்தில் விரியும் எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்கும் ஒன்று. எஞ்சினின் உறிஞ்சும் விசையில் இழுபடும் வேக்குவம் டப்பா இன்னொன்று.

என் வண்டி டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டுமே இல்லை. பழுதாகவில்லை, முதலிலிருந்தே கிடையாது. 1984-லிருந்து 1986 வரை வந்த இந்த எஞ்சின்களில் அந்த வேலையைக் கணினி பார்த்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகி, புகையைச் சுத்தம் செய்யும் மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்த காலம் அது. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைக் கலவை விட்டு விலகக் கூடாது. வெறும் கார்பரேட்டரால் அந்தத் துல்லியம் முடியாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இந்த எஞ்சினுக்கு 1987-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துக்குக் கார்பரேட்டர் தலையிலேயே ஒரு சின்ன மின்வால்வை வைத்தார்கள். எக்சாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் மோப்பம் பிடிக்கும். கணினி அதைக் கேட்டு வால்வை நொடிக்குப் பல தடவை திறந்து மூடிக் கலவையைத் திருத்தும். அதே கணினியே பொறி விழும் நேரத்தையும் சொல்லும். கணினியிடமிருந்து தகவல் வராவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் இக்னிஷன் மாட்யூல் (பொறியை விடச் சொல்லும் சின்ன மின்பெட்டி) வண்டியை நிறுத்திவிடாது. ஐடிலுக்கு வைத்த அந்த 10 டிகிரியிலேயே பொறி விட்டுக்கொண்டிருக்கும். எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம்.

அந்த நல்லெண்ணத்தில்தான் நான் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன். பொறி பிந்தி விழுந்ததால் பெட்ரோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் வெளியே போகும் வழியிலும் எரிந்தது. சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு மேனிஃபோல்டுக்குப் போனது. விற்றவர் கார்பரேட்டரை மட்டும் மாற்றிவிட்டு கணினியை வெட்டினார், டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டார். ஒரு காலைக் கட்டிவிட்டு ஓடச் சொன்ன கதை.

இங்கே இரண்டு வழி உண்டு. முழுசாகக் கணினிக்குத் திரும்பலாம். முழுசாக அதிலிருந்து வெளியே வரலாம். நடுவில் நிற்பதுதான் கூடாது. ஒயர்க் கட்டு வெட்டப்படாமல் இருந்திருந்தால் நான் முதல் வழியைத்தான் எடுத்திருப்பேன். என் வண்டியில் சென்சார்கள் பாதி காணோம், மின்வால்வு வைத்த அந்தப் பழைய கார்பரேட்டரும் காணோம். நல்ல நிலையில் அதைத் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்பு. ஆகவே இரண்டாவது வழி.

இதே 300 எஞ்சினுக்கு, 1984-க்குச் சற்று முந்திய டிரக்குகளில் டியூராஸ்பார்க் 2 என்ற இக்னிஷன் இருந்தது. எடைக்கட்டி, வேக்குவம் டப்பா எல்லாம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர். தனியாக ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில், மாட்டும் மாட்யூல். கணினி தேவையில்லை. பழுதுபார்த்த டிஸ்ட்ரிபியூட்டர் உதிரிபாகக் கடையிலேயே கிடைத்தது. மாட்யூல் வாங்கும்போது ஒயர் வெளியே வரும் இடத்தில் நீல நிற ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டியூராஸ்பார்க் 2-க்கு அதுதான் அடையாளம். அப்புறம் பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் பழைய உருளை காயில், அதற்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்க ஒரு ஓமுக்குச் சற்றுக் கூடுதலான பேலஸ்ட் ரெசிஸ்டர். எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப்புக்கு ஜெட் மாற்றக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது.

ஒயரிங் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு சாவி போட்டால் முழு 12 வோல்ட் வர வேண்டும், ரெசிஸ்டர் வழியாக அல்ல. காயிலுக்கு ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். நேராகக் கொடுத்தால் காயிலும் மாட்யூலும் சுடும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் பேட்டரி வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதால் ரெசிஸ்டரைத் தாண்டிக் காயிலுக்கு நேர் மின்சாரம் வேண்டும். ஃபெண்டரில் உள்ள ஸ்டார்ட்டர் ரிலேயில் 'ஐ' என்று குறித்த சின்ன முனை அதற்குத்தான். என் ரிலேயில் அந்த முனையே இல்லை, நாலு முனை உள்ளதாக மாற்றினேன். இதைச் செய்யாதவர்கள் 'செல்ஃப் அடிக்கும்போது பிடிக்க மாட்டேங்குது, சாவியை விட்டதும் ஒரு உதறல் உதறுது' என்பார்கள். மாட்யூலின் வெள்ளை ஒயரும் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்குப் போக வேண்டியது. ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், நாற்பது வருட வண்டியில் எத்தனை கை பட்டிருக்குமோ. மீட்டரை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது ஒரு கண்டம் தப்பினேன். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினால், அமுக்கம் விரலைத் தள்ளும். அதுதான் கம்ப்ரஷன். டாம்பரின் கோட்டை அங்கே நிறுத்தி, ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் முள்) ஒன்றாம் நம்பர் பிளக்கின் முனையைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். கால் அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. போல்ட்டைப் போட்டு முறுக்கினால் தானாக இறங்கும் என்று நினைத்து ஸ்பேனரை எடுத்தேன்.

பெரியவர் என் கையைப் பிடித்தார். "அடியில் ஆயில் பம்ப் இருக்கு."

இந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுற்றுவதே டிஸ்ட்ரிபியூட்டர்தான், அறுகோணத் தண்டு ஒன்றின் வழியாக. அந்தத் தண்டின் முனையும் டிஸ்ட்ரிபியூட்டரின் குழியும் பொருந்தாததால்தான் மேலே நின்றது. முறுக்கியிருந்தால் பம்போ தண்டோ போயிருக்கும், ஆயில் ஏறாமல் எஞ்சினும் போயிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை லேசாக அமுக்கியபடி எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். 'டக்' என்று ஒரு சத்தம், இறங்கி உட்கார்ந்தது. இன்னும் இரண்டு சுற்று சுற்றி முதல் சிலிண்டரின் கம்ப்ரஷனுக்குத் திரும்பவும் வந்து, ரோட்டர் சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று சோதித்தோம். பற்ற வைக்கும் வரிசை 1-5-3-6-2-4. அதையும் சுண்ணாம்பில் ஃபெண்டர் மேலேயே எழுதி வைத்தேன்.

வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங்கை 10 டிகிரியில் வைத்தோம். "ரேஸ் பண்ணு." இந்தத் தடவை சுண்ணாம்புக் கோடு மெதுவாக நகர்ந்து, மேலே ஏறி, காட்டியின் குறிகளையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. என் வாழ்நாளில் ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பழைய வண்டிகளில் டாம்பரின் வெளிவளையம் ரப்பரில் வழுக்கி நகர்ந்திருக்கும், கோடே பொய் சொல்லும். முதல் பிஸ்டன் நிஜமாக உச்சியில் இருக்கும்போது கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் பிளக் ஓட்டையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டுப் பார்த்தோம்.

அன்றைக்கே நெடுஞ்சாலையில் ஏற்றிப் பார்த்தேன். அந்த ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஏறியது. மேனிஃபோல்டு மறுபடி சிவக்கவில்லை.

ஆனால் கறுப்புப் புகை போகவில்லை. இப்போதுதான் கார்பரேட்டரின் முறை.

இந்த இடத்தில் நான் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருளைச் சொல்ல வேண்டும்: வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர். பழைய ஆக்சிஜன் சென்சார் இருந்த ஓட்டை எக்சாஸ்டில் அப்படியே இருந்தது, புது சென்சாரின் மரை அதில் அப்படியே ஏறியது. டாஷ்போர்டில் ஒரு சின்ன வட்டம், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை எண்ணாகக் காட்டும். கணினி பார்த்ததை இனி நான் பார்க்கிறேன், அவ்வளவுதான். சீராக ஓட்டும்போது 14.5-க்குப் பக்கத்தில் வர வேண்டும், முழு மிதியில் 12.5, 13. என் மீட்டர் எப்போதும் 11.8 காட்டியது. ஒர்க்‌ஷாப் போட்ட பெரிய ஜெட்டைப் பழையபடி மாற்றினேன்; 12.6 ஆனது. எண் குறைவு என்றால் பெட்ரோல் கூடுதல்; அதாவது பெட்ரோல் இன்னும் அதிகம்தான்.

இந்தக் கார்பரேட்டர் கார்ட்டர் ஒய்எஃப், ஒற்றைக் குழாய் வகை. பிரதான ஜெட்டுக்குள் ஒரு மெல்லிய ஊசித் தண்டு இறங்கி ஏறும். அதைப் பிடித்திருப்பது டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வு. எஞ்சின் நன்றாக உறிஞ்சும்போது டயாஃப்ரம் தண்டைக் கீழே இழுத்து பெட்ரோலைக் குறைக்கும். மிதியை அழுத்தி உறிஞ்சல் குறைந்தால் ஸ்பிரிங் தண்டைத் தூக்கி பெட்ரோலைக் கூட்டும். மேல் மூடியைக் கழற்றி டயாஃப்ரத்தை எடுத்து சமையலறை விளக்குக்கு எதிரே பிடித்தேன். கறுப்பு ரப்பரின் மடிப்பில் நட்சத்திரம் போல ஒரு புள்ளி வெளிச்சம். ஊசி முனை அளவு ஓட்டை. அதனால் தண்டு எப்போதும் மேலேயே நின்றது. வண்டி எப்போதும் ஏற்றம் ஏறுவதாகவே கார்பரேட்டர் நினைத்துக்கொண்டிருந்தது.

விற்றவர் 'புது' என்று சொன்னாலும், பழுதுபார்த்தது என்று கடையில் விற்ற கார்பரேட்டர் அது. உள்ளே பழைய ரப்பரே இருந்திருக்கிறது. இங்கே பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். பழைய ரப்பருக்கு அது ஆகாது. பழுதுபார்க்கும் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். டயாஃப்ரம், அக்செலரேட்டர் பம்ப், கேஸ்கெட் எல்லாம் மாற்றி, மிதவையின் உயரத்தைக் கிட்டோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு வைத்தேன். மாலையில் ஓட்டிப் பார்த்தால் 14.4, 14.6 என்று எண் ஆடிக்கொண்டிருந்தது. ஐடில் கலவைத் திருகை வேக்குவம் மீட்டர் பார்த்து வைத்தேன்: உச்சம் வரும்வரை திருகி, அங்கிருந்து பெட்ரோல் குறையும் பக்கமாகக் கால் திருப்பு. மீட்டரின் முள் 19 அங்குலத்தில் (பாதரசக் கணக்கு) அசையாமல் நின்றது.

அசையாமல் நிற்பதற்கு முன்னால் ஏர் லீக்குகளைத் தேடியதில் ஒரு சனிக்கிழமை போனது. கணினி இருந்த காலத்தில் இந்த எஞ்சினில் வேக்குவம் குழாய்கள் இடியாப்பம் போலப் பின்னியிருக்கும். விற்றவர் குழாய்களைப் பிடுங்கிவிட்டு முனைகளை ரப்பர் மூடியால் அடைத்திருந்தார். அதில் மூன்று வெடித்திருந்தன. மூடிகள் ஒரு டாலர்கூட இருக்காது. அந்தத் தேடலில் என் முதுகு போனது வேறு கணக்கு. இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் இந்த எஞ்சினில் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டில் உட்கார்ந்திருக்கும். சிவக்கச் சிவக்க ஓட்டினதில் எக்சாஸ்ட் கொஞ்சம் கோணிவிட்டது. அதை எடுத்து மட்டம் தட்டிப் போட வேண்டியதாயிற்று.

எல்லாம் சரி என்று நினைத்த செப்டம்பரில், ரயில் கேட்டைத் தாண்டின சிக்னலில் வண்டி நின்றுபோனது. செல்ஃப் சுற்றுகிறது, பற்றவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கரூர்க்காரத் தம்பி ஒருவன் பக்கத்தில் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். கயிற்றோடு வந்தான்.

"அண்ணே, கம்ப்யூட்டர் இல்லாத வண்டி, கெடவே கெடாதுன்னீங்க?"

"கட்டி இழுடா முதல்ல."

வீட்டில் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து செல்ஃப் அடித்தால் பொறி இல்லை. கையிருப்பு மாட்யூலை மாட்டினேன்; அப்போதும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களைச் சும்மா ஆட்டினபோது 'டிக்' என்று நீலப் பொறி. டியூராஸ்பார்க் மாட்யூலை வண்டியின் உடம்பில் திருகினாலும் அதற்கு அங்கே எர்த்து கிடைக்காது. கறுப்பு ஒயர் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போய், அங்கே ஒரு சின்னத் திருகில்தான் எர்த்து ஆகிறது. அந்தத் திருகில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். கூடவே அந்தக் கறுப்பு ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக இன்னொரு ஒயரும் போட்டேன். அதற்குப் பிறகு பொறி இல்லாமல் நடுவழியில் நின்றதில்லை. இதைச் செய்பவர்கள் முதல் நாளே அந்த எர்த்து ஒயரைப் போட்டுவிடுங்கள், கயிறு மிச்சம்.

குளிர்காலம் வேறு பாடம். சோக் என்பது குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் கதவு. அதன் மூடியில் ஒரு மின்சுருள் இருக்கிறது, அது சூடாகச் சூடாக சோக் திறக்கும். நான் அதற்குச் சாவியிலிருந்து 12 வோல்ட் கொடுத்திருந்தேன். ஜனவரியில், மைனஸ் 15 டிகிரியில், எஞ்சின் இன்னும் ஐஸ் கட்டியாக இருக்கும்போதே சோக் முழுக்கத் திறந்துவிட்டது. முதல் நிறுத்தத்தில் அணைந்தது, இரண்டாவதில் அணைந்தது. பிறகுதான் தெரிந்தது, இந்த ஃபோர்டு சோக் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து வரும் 7 வோல்ட் சொச்சத்துக்கு அமைந்தது. எஞ்சின் ஓடினால்தான் அங்கே மின்சாரம், அதனால் சாவி மட்டும் போட்டு வைத்தாலும் சோக் திறக்காது. எளிமையான புத்திசாலித்தனம். ஒயரைப் பழைய இடத்தில் கொடுத்ததும் சரியானது.

முந்தின சொந்தக்காரர் போட்டிருந்த பளபள குரோம் ஏர் ஃபில்டரையும் தூக்கிப் போட்டேன். பழைய தகர டப்பாவில் எக்சாஸ்ட் மேலிருந்து சூடான காற்றை இழுக்கும் ஒரு குழாயும் கதவும் உண்டு. அது இல்லாததால், நவம்பரில் பனிமூட்டமான நாட்களில், உறைநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே, கார்பரேட்டர் தொண்டையில் ஐஸ் படிந்து வண்டி திணறும். ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஐஸ் உருகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பேய் பிடித்த வண்டி என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள். பழையது எல்லாம் குப்பை என்று பிடுங்கிப் போடுகிறவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் அன்றைக்கு வந்ததுதான்.

அதே காரணத்தால் எக்சாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு, எஞ்சின் அடியில் சேரும் ஆவியை உள்ளே இழுத்து எரிக்க விடும் பிசிவி வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா மூன்றையும் நான் கழற்றவில்லை. 1983 டிரக்கில் கணினி இல்லாமலேயே ஈஜிஆர் ஓடியது; எஞ்சின் தண்ணீர் சூடானதும் திறக்கும் ஒரு வேக்குவம் சுவிட்ச் போதும். அதைப் போட்டேன், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும் சத்தமும் போனது. மிச்சிகனில் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. ஆனால் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைப் பிடுங்குவதை அமெரிக்க மத்தியச் சட்டமே தடை செய்கிறது. சோதனை இல்லை என்பது அனுமதி ஆகாது. கலிபோர்னியாவில் 1976-லிருந்து வந்த பெட்ரோல் வண்டிகளுக்குச் சோதனை உண்டு. அங்கே இருப்பவர்கள் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள், கணினியைச் சரிபண்ணுகிற வழியைப் பாருங்கள்.

இப்போது கேலனுக்கு 15, 16 மைல் கொடுக்கிறது. லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர். சிரிக்காதீர்கள், இந்த எடைக்கு இது நல்ல கணக்குதான். மனைவிக்கும் பழகிவிட்டது. காலையில் வாசலில் நின்று நான் சொல்லிக் கொடுத்தேன்: "சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி மிதியை ஒரே ஒரு தடவை அமுக்கி விடு, அப்போதான் சோக் மூடும்." எங்கள் அப்பாவின் ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து உதைத்து ஸ்டார்ட் பண்ணின காலம் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் பெரியவரின் மருமகன் வந்தார். அவரிடமும் இதே எஞ்சின், 1986 டிரக், கணினியோடு. ஐடிலில் உதறுகிறது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு என் வண்டி மாதிரி ஆக்கித் தரச் சொன்னார். ஒயர்க் கட்டு கைபடாமல் இருந்தது. எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, சோதனை முனையில் ஒரு ஒயரைப் பாலமாகப் போட்டு, முள் ஆடும் பழைய வகை வோல்ட் மீட்டரை மாட்டிச் சாவியைப் போட்டோம். அந்தக் காலத்துக் கணினி முள்ளின் ஆட்டத்தால்தான் பேசும், எண்ணிக்கொள்ள வேண்டும். முள் ஒரு தடவை ஆடியது, நின்றது, மறுபடி ஒரு தடவை ஆடியது. ஒன்று, ஒன்று: பதினொன்று. கணினி தன் பக்கம் ஒரு குறையும் இல்லை என்கிறது. டார்ச் அடித்துத் தேடினதில் கார்பரேட்டருக்குப் பின்னால் ஒரு வேக்குவம் குழாய் கீறிக் கிடந்தது. மூன்று டாலருக்குக் குழாய் வாங்கி மாட்டி, மூடியைச் சாத்தி அனுப்பிவிட்டோம்.